மயக்கம், தலைசுற்றல்: எங்கே அழுத்துவது, எப்போது அழுத்துவது?

ஆவணி முகூர்த்தம். மண்டபத்தில் கூட்டம் நெரிகிறது, ஹோமப் புகை வேறு. விடியற்காலை நாலு மணியிலிருந்து ஒரு வாய் காபியோடு ஓடியாடிக்கொண்டிருந்த அத்தை, தாலி கட்டும் நேரத்தில் அப்படியே சரிந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஒருவர் சோடா, சோடா என்று கத்தினார். இன்னொருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கருகே நீட்டினார். அந்த வாரம்தான் அக்குபிரஷர், அதாவது உடம்பில் சில புள்ளிகளை விரலால் அழுத்துகிற வைத்தியம், சொல்லித்தரும் வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்திருந்த நான், அவருடைய மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அத்தைக்குத் தலை தொங்கியதே தவிர, கண் திறக்கவில்லை. முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வேர்வை.

பந்தி பரிமாறிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து, "நாற்காலியில எதுக்கு உக்கார வெச்சிருக்கீங்க? முதல்ல கீழ படுக்க வைங்க" என்று அதட்டினார். ஜமக்காளத்தில் படுக்க வைத்து, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தோம். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. "என்னடா ஆச்சு? தாலி கட்டியாச்சா?" என்று கேட்டார் அத்தை. அப்போதும் என் விரல் அவருடைய உதட்டுக்கு மேலேதான் இருந்தது. அதனால் பேர் எனக்கு வந்துவிட்டது. ஜமக்காளத்துக்குச் சேரவேண்டிய பேர்.

அழுத்தப் புள்ளிகளைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் புள்ளிப் படத்தைத் திறப்பதற்கு முன்னால் இந்த ஜமக்காளக் கணக்கைப் புரிந்துகொண்டால் நல்லது என்பது என் எண்ணம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் கீழே இறங்கி வயிற்றிலும் காலிலும் தேங்குகிறது. உடனே ரத்தக்குழாய்கள் இறுகும், இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், மூளைக்குப் போகிற ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். இது நமக்குத் தெரியாமலே நாள் முழுக்க நடக்கிற வேலை.

சில சமயம் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடும். வெயிலில் நெடுநேரம் நிற்பது, வெறும் வயிறு, தண்ணீர் குடிக்காதது, புழுக்கம், ரத்தத்தைப் பார்ப்பது, ஊசி, திடீர் வலி, பயம் என்று ஏதோ ஒன்று தூண்டிவிட, வேகஸ் என்கிற நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. அதே நேரத்தில் ரத்தக்குழாய்களும் தளர்ந்துவிடுகின்றன. ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்குகிறது. மூளையின் எடை உடம்பில் நூற்றுக்கு இரண்டு பங்குதான், ஆனால் இதயம் அனுப்புகிற ரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அதற்கு வேண்டும். அந்த ஓட்டம் ஆறு முதல் எட்டு விநாடி நின்றாலே நினைவு தப்பிவிடும். பள்ளிக்கூட காலை வழிபாட்டில், ரேஷன் கடை வரிசையில், தேர் பார்க்க நிற்கிற கூட்டத்தில் விழுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நடப்பது இதுதான்.

விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. ரத்தம் மேலே ஏறவேண்டிய அவசியமே இல்லை, தானாக மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் நினைவு திரும்பிவிடும். ஒரு வகையில், விழுவதுதான் உடம்பு தனக்குத்தானே செய்துகொள்கிற வைத்தியம். நாம் பாசத்தோடு தூக்கி நிறுத்துகிறோம், நாற்காலியில் உட்கார வைக்கிறோம், அந்த வைத்தியத்தைத்தான் கெடுக்கிறோம்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். ஒரு நிமிஷத்தில் தானாகவே தெளியப்போகிற ஒன்றுக்கு, அந்த ஒரு நிமிஷத்தில் என்ன செய்தாலும் அது பலித்தது மாதிரியே இருக்கும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணிக்கிற பழக்கம் இப்படித்தான் நம் ஊரில் நிலைத்தது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிஷத்தில் அவையாகவே நிற்கும், நிற்கிறபோது சாவி கையில் இருக்கும். அவ்வளவுதான். என் நகமும் அன்றைக்கு ஒரு சாவிக்கொத்துதான்.

மயக்கம் வேறு, சுற்றல் வேறு

"மயக்கமா வருது" என்று ஒருவர் சொன்னால் அடுத்து ஒரு கேள்வி கேட்கவேண்டும்: கண் இருட்டிக்கொண்டு வருகிறதா, இல்லை வீடே சுற்றுகிறதா?

கண் இருட்டுவது, காது அடைப்பது, குப்பென்று வியர்ப்பது, கொட்டாவி வருவது, இதெல்லாம் மேலே சொன்ன ரத்த அழுத்த விவகாரம். சுவரும் விட்டமும் சுழல்கிறது, கூடவே குமட்டல் என்றால், பெரும்பாலும் சங்கதி காதுக்குள் இருக்கிறது. உள்காதில் சமநிலையைக் காக்கிற மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. பக்கத்து அறையில் இருக்கவேண்டிய கால்சியம் கார்பனேட் துகள்கள், அதாவது சுண்ணாம்புக்கல்லின் அதே சரக்கு, இடம் பெயர்ந்து இந்தக் குழாய்க்குள் உருண்டுவிட்டால், படுக்கையில் புரண்டாலே உலகம் சுற்றும். ஒரு நிமிஷத்துக்குள் நின்றும்விடும். மறுபடி புரண்டால் மறுபடி சுற்றும். பித்தம் தலைக்கு ஏறிவிட்டது என்று பாட்டிமார் சொன்ன பல சுற்றல்கள் இந்தத் துகள் வேலையாக இருந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

இந்தத் துகளை எந்தப் புள்ளியில் அழுத்தியும் நகர்த்த முடியாது. தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் வரிசையாகத் திருப்பி, துகளை வந்த வழியே திருப்பி அனுப்புகிற முறை ஒன்று உண்டு. ஜான் எப்ளி என்ற அமெரிக்க காது மருத்துவர் வகுத்தது, அவருடைய கட்டுரை 1992-இல் வெளியானது. காது மூக்கு தொண்டை மருத்துவர் செய்தால் சில நிமிஷ வேலை. பலருக்கு முதல் தடவையிலேயே நின்றுவிடுகிறது. இருபது நாள் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு காத்திருப்பதைவிட இது மேல்.

சரி, புள்ளிகளுக்கு வருவோம்

அக்குபிரஷர் சீன மருத்துவத்தின் பிள்ளை. 'சி' என்கிற உயிராற்றல் உடம்பில் தடம் பிடித்து ஓடுகிறது, அந்தத் தடங்களில் உள்ள புள்ளிகளைத் தூண்டினால் ஓட்டம் சீராகும் என்பது அதன் அடிப்படை. உலக சுகாதார நிறுவனம் பெயர் ஒழுங்குபடுத்திய பட்டியலில் 361 புள்ளிகள் உண்டு. ஊசி போட்டால் அக்குபஞ்சர், விரலால் அழுத்தினால் அக்குபிரஷர். உடலை அறுத்துப் பார்த்தால் அந்தத் தடங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் பல புள்ளிகளுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரியும்.

புள்ளியைக் கண்டுபிடிக்க ஸ்கேல் தேவையில்லை. விரலே அளவுகோல். நம் ஊரில் விரற்கடை என்கிறோமே, அதேதான். புதிதாகக் கற்கிறவர்கள் தவறு செய்கிற இடமும் இதுதான்: யாருக்கு அழுத்துகிறோமோ அவருடைய விரலால் அளக்கவேண்டும். தடித்த விரல்காரர் தன் விரலை வைத்துக் குழந்தையின் கையை அளந்தால் புள்ளி எங்கோ போய்விடும்.

முதலில் கற்றுக்கொள்ளவேண்டியது மணிக்கட்டுப் புள்ளி. சீனத்தில் நெய்குவான், வகுப்புகளில் பி.சி. 6 என்பார்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நீட்டுங்கள். உள்ளங்கை முடிகிற இடத்தில் மணிக்கட்டில் குறுக்காக ஒரு ரேகை ஓடும். மறு கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மோதிர விரல் அந்த ரேகையைத் தொடுகிற மாதிரி குறுக்காக வையுங்கள். ஆள்காட்டி விரல் முழங்கைப் பக்கமாக முடிகிற விளிம்புதான் உயரம். இப்போது கையை லேசாக மூடி மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால் நடுவில் இரண்டு கயிறுகள் போலத் தசைநாண்கள் புடைக்கும். அந்த இரண்டுக்கும் நடுப்பள்ளம்தான் புள்ளி. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நாண்களில் ஒன்று இருக்காது. பயப்பட ஒன்றுமில்லை, கையின் நடுக்கோட்டை எடுத்துக்கொண்டால் போதும்.

கட்டைவிரலின் சதைப்பகுதியால், நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தி, சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொடுங்கள். கைக்கு இரண்டு மூன்று நிமிஷம். மந்தமான ஒரு வலி தெரிந்தால் சரியான இடம். விரல்களில் ஷாக் அடித்த மாதிரி ஓடினால் அடியில் போகிற நரம்பை நேராக நசுக்குகிறீர்கள் என்று அர்த்தம், கொஞ்சம் தளர்த்துங்கள்.

இந்தப் புள்ளியைப் பற்றித்தான் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வருகிற குமட்டலுக்கும் வாந்திக்கும் இதைத் தூண்டினால் பலன் உண்டா என்று 59 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அறிக்கை 2015-இல் வந்தது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு வெளியிட்டது. போலித் தூண்டலைவிட இது குமட்டலைக் குறைக்கிறது என்பது அதன் முடிவு. கவனிக்கவேண்டியது, அது குமட்டலைப் பற்றிய ஆய்வு. தலைசுற்றலோடு வருகிற குமட்டலுக்கு உதவலாம் என்று அதிலிருந்து நாம் எட்டிப் பார்க்கிறோம். சுற்றலையே நிறுத்தும் என்று யாராவது சொன்னால் அது அவருடைய தைரியம்.

அடுத்தது நான் மண்டபத்தில் அழுத்திய புள்ளி. ரென்சோங் என்று பெயர், ஜி.வி. 26. மூக்குக்குக் கீழே மேலுதடு வரை ஒரு சின்ன வாய்க்கால் ஓடுகிறதல்லவா, அதை மூன்றாகப் பிரித்தால் மூக்குப் பக்கத்து முதல் பங்கு முடிகிற இடம். 4-ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கே ஹோங், திடீரென்று மூர்ச்சையானவருக்கு இங்கே நகத்தால் அழுத்தச் சொல்லி எழுதிவைத்திருக்கிறார். சீன வீடுகளில் இன்றைக்கும் யாராவது மயங்கினால் கை முதலில் போவது இங்கேதான். முகத்தின் உணர்வு நரம்பு நெருக்கமாகப் பரவியிருக்கிற இடம் என்பதால் இங்கே அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். நம்பாவிட்டால் இப்போதே உங்களுக்கு நீங்களே லேசாக அழுத்திப் பாருங்கள். அந்த வலி அரைமயக்கத்தில் இருப்பவரை உலுக்கக்கூடும். ஆஸ்பத்திரியில் டாக்டர் புருவ எலும்பை அழுத்தியோ நெஞ்செலும்பைத் தேய்த்தோ பார்ப்பதும் இப்படி வலி கொடுத்துத்தான். ஆனால் அவர் அதைச் செய்வது நினைவு எவ்வளவு ஆழமாகத் தப்பியிருக்கிறது என்று அளக்க. வைத்தியம் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஊசி வலிக்குப் பயந்து மயங்கியவருக்கு இன்னொரு வலியைக் கொடுத்து எழுப்பப் பார்க்கிறோம்! படுக்க வைத்த பிறகு, வேறு செய்ய ஒன்றும் இல்லாவிட்டால், பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பார்க்கலாம். தோல் கிழிகிற மாதிரி வேண்டாம். தலையிலோ முகத்திலோ அடிபட்டிருந்தால் தொடவே வேண்டாம்.

உள்ளங்காலில் ஒரு புள்ளி, யோங்ச்சுவான், பொங்கும் ஊற்று என்று அர்த்தம். விரல்களை மடக்கினால் பாதத்தின் முன்பகுதியில் ஒரு குழி விழும், அதுதான். நம் வீடுகளில் மயங்கியவரின் உள்ளங்கால் உள்ளங்கையைப் பரபரவென்று தேய்க்கிற வழக்கம் இருக்கிறது. எனக்குப் பிடித்த வழக்கம். காரணம், உள்ளங்காலைத் தேய்க்கவேண்டுமென்றால் ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தாகவேண்டும். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதைமேட்டுப் புள்ளி ஹெகு. தலைவலிக்குப் பேர்போனது, மயக்கத்துக்கும் சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்கு இதை அழுத்தக்கூடாது என்பது சீன மருத்துவத்திலேயே உள்ள பழைய எச்சரிக்கை. உச்சந்தலையில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடையில் ஒன்று என்று பட்டியல் நீளும். ஆரம்பத்தில் அவ்வளவும் தேவையில்லை.

நம்முடைய வர்மத்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் காத்துவந்த வர்மக்கலையில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதைவிட ஆபத்து குறைந்த தொடுவர்மம் 96, ஆக 108 புள்ளிகள் என்று கணக்கு. அடிபட்டு விழுந்தவரை எழுப்ப அடங்கல் என்ற தனிப் புள்ளிகளும், பாதிப்பைத் தளர்த்துகிற இளக்குமுறையும் அதில் உண்டு. அது வேறு மரபு, குருவிடம் இருந்து கற்பது. வீடியோ பார்த்து அடங்கல் தட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

புள்ளியே இல்லாத ஒரு அழுத்தம்

கண் இருட்டத் தொடங்கிவிட்டது, இன்னும் விழவில்லை. இந்தச் சில விநாடிகளில் செய்யக்கூடியதில் நல்ல ஆதாரம் உள்ளது எந்தச் சீனப் புள்ளியும் அல்ல, சொந்தத் தசைதான். நின்ற இடத்திலேயே காலைப் பின்னிக்கொண்டு தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் இறுக்குங்கள். அல்லது இரண்டு கை விரல்களையும் கொக்கி போலக் கோத்து எதிரெதிராக இழுங்கள். குத்துக்காலிட்டு உட்காருவதும் இதே வேலையைச் செய்யும். இறுகுகிற தசை, கீழே தேங்கிய ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. அடிக்கடி மயங்கி விழுகிற 223 பேரை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2006-இல் வெளியானது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 51 பேர் மறுபடி மயங்கினார்கள். இந்தப் பயிற்சியையும் கற்றவர்களில் 32 பேர். மருந்தும் இல்லை, செலவும் இல்லை. இறுக்கியும் இருட்டுவது நிற்காவிட்டால் கௌரவம் பார்க்காமல் தரையில் படுத்துவிடவேண்டும். பட்டுப்புடவை கசங்கினால் கசங்கட்டும்.

விழுந்தே விட்டால், வரிசை இதுதான்: மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இருக்கிறதா பார்த்து, காலை உயர்த்தி, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சுற்றி நிற்கிற கூட்டத்தை விலக்கவேண்டும். வாந்தி வந்தால் ஒருக்களிக்கவேண்டும். புள்ளி அதற்கெல்லாம் அப்புறம். நினைவு முழுசாகத் திரும்புகிற வரை வாயில் சோடா, தண்ணீர் எதுவும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தெளிந்ததும் சடாரென்று எழுப்பினால் மறுபடி விழுவார். பத்து நிமிஷமாவது படுத்திருக்கட்டும்.

கழுத்தில் கைவைக்கவே வேண்டாம். தாடைக்குக் கீழே கழுத்தின் இரு பக்கமும் ரத்த அழுத்தத்தை உணர்கிற இடம் இருக்கிறது. அங்கே அழுத்தினால் இதயத் துடிப்பு குறைந்து இருக்கிற மயக்கம் இன்னும் கூடும். தலைசுற்றுகிறது என்று சலூனில் கழுத்தைச் சொடுக்கிக்கொள்வதும் அப்படித்தான். கழுத்து எலும்புக்குள் ஓடுகிற ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

விரலை எடுத்துவிட்டு போனை எடுக்கவேண்டிய நேரம்

ஓரிரு நிமிஷத்தில் தெளியவில்லை. நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல் இருக்கிறது. ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயக்கம் வந்தது. வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது, ஒரு பக்கக் கைகால் விளங்கவில்லை. விழுந்ததில் தலையில் அடி. மலம் கறுப்பாகப் போகிறது. கர்ப்பிணி. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்றது. மூச்சே இல்லை என்றால் அது மயக்கமே இல்லை, உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கவேண்டும். அன்றைக்கு அழுத்தவேண்டிய ஒரே புள்ளி அதுதான்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் கை நடுங்கி, வியர்த்து, கிறுகிறுக்கிறது என்றால் ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். அங்கே மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்குவது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்கு இரவில் சிறுநீர் கழிக்க எழுகிறபோது அழுத்தம் இறங்கும். எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தால் அது மாத்திரையை டாக்டரிடம் பேசவேண்டிய விஷயம். அதுவரை, கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து காலை ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள்.

அத்தை இப்போதெல்லாம் முகூர்த்தத்துக்கு முன்னால் யார் என்ன சொன்னாலும் இரண்டு இட்லி சாப்பிட்டுவிடுகிறார். போன மாசம் கொல்லிமலைக்குப் போனோம், எழுபது கொண்டைஊசி வளைவு. பஸ் ஏறியதுமே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து அளந்து, நான் காட்டிக்கொடுத்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். மேலே போய் இறங்கியதும், "பலிச்சுதா அத்தை?" என்று கேட்டேன்.

"வாந்தி வரலைடா" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா இந்தத் தடவை முன் சீட்டுல உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தேன், அதையும் கணக்குல வெச்சுக்கோ" என்றார்.